ரெண்டு பேர் டீமுக்கு எந்த மேப்? கம்பெனி மேப்பும் ஆட்டக்காரர் செய்த மேப்பும்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் ஷூட்டர் கேம் ஆடும் பசங்களுக்கு அஞ்சு பேர் ஒரே நேரத்தில் அமைவதே பெரும்பாடு. ஒருத்தன் திருச்சியில் காலேஜ், ஒருத்தனுக்குச் சென்னையில் வேலை, இன்னொருத்தன் வீட்டில் கார்த்திகை மழை பிடித்தால் கரன்ட் இருக்காது. கடைசியில் மிஞ்சுவது ரெண்டு பேர், மூணு பேர். இப்படிப்பட்ட சின்ன டீம் எந்த மேப்பில், அதாவது கேமுக்குள் ஆடும் எந்தக் களத்தில், பழக வேண்டும், உள்ளூர் போட்டியை எதில் வைக்க வேண்டும்? கையில் மூன்று வழி இருக்கிறது: கம்பெனி கொடுத்த முழு மேப், அதையே வெட்டிச் சுருக்கியது, ஆட்டக்காரர்களே செய்து பகிரும் மேப். என் ஓட்டு மூன்றாவதுக்கு. ஆனால் அதற்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

முதலில் முழு மேப். இதன் பலம், எல்லோருக்கும் தெரிந்தது என்பதுதான். கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமின் டஸ்ட் 2 மேப்பில் "லாங்ல ஒருத்தன்" (லாங் அதில் ஒரு நீள வழி) என்று கத்தினால் தஞ்சாவூரில் இருப்பவனுக்கும் மும்பையில் இருப்பவனுக்கும் ஒரே இடம்தான் கண்ணில் வரும். எந்த மூலையில் நின்று ஸ்மோக் (புகைக் குண்டு) எறிந்தால் எங்கே விழும் என்பதற்கு வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. அஞ்சுக்கு அஞ்சு ஆடப் போகிறவனுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் அதே டஸ்ட் 2-ல் ரெண்டு பேர் ரெண்டு பேராக ஆடிப் பாருங்கள். ஒரு டீம் குண்டு வைக்க வரும், மறு டீம் காக்கும்; குண்டு வைக்கும் இடம் ரெண்டு. காப்பவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றால், ஒருத்தன் விழும்போது அடுத்தவன் வெகு தூரத்தில் இருப்பான். சேர்ந்து நின்றால் மறுபக்கம் திறந்து கிடக்கும். ஆகக் காவல் வெறும் ஊகம் ஆகிவிடுகிறது. தாக்குகிறவர்களும் அப்படித்தான்: மிட் கதவு, லாங், டனல் என்ற வழிகள் எல்லாம் காலி, பாதி ரவுண்டு காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்தே போய்விடும். ஒருத்தன் செத்தவுடன் கூட்டாளி அடுத்த நொடியே திருப்பிச் சுடுவதை ட்ரேட் என்பார்கள். சின்ன டீம் ஆட்டத்தின் உயிரே அதுதான். பெரிய மேப்பில் அதற்கு இடமே வருவதில்லை.

வெட்டிச் சுருக்கியது அடுத்தது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 2017-ல் வந்த விங்மேன் முறை இரண்டுக்கு இரண்டு ஆட்டம், குண்டு வைக்க ஒரே இடம். இன்ஃபெர்னோ, நியூக், ஓவர்பாஸ் மாதிரியான பெரிய மேப்களில் ஒரு பகுதியை மட்டும் விட்டு, மீதியை அடைத்துத் தருகிறார்கள். தெருவில் ஷட்டில் ஆடும்போது சிங்கிள்ஸுக்குப் பக்கக் கோட்டை உள்ளே தள்ளிக்கொள்வது போல. முழு மேப்பைவிட இது எவ்வளவோ மேல். குறை என்னவென்றால், மூலைகள், மறைவுகள், நுழைவுகள் எல்லாம் அஞ்சு பேர் கணக்குக்கு அமைந்தவை. ரெண்டு பேரால் சரிபார்க்கவே முடியாத அளவுக்கு ஒளிவிடங்கள் மிஞ்சும்.

இனி ஆட்டக்காரர் செய்த மேப். இதன் மதிப்பை நன்றாகக் காட்டுவது டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற ஷூட்டர் கேம். 2007-ல் வந்தபோது அது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஆட்டம். போட்டியாக ஆடியவர்களோ ஆறுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். கம்பெனி மேப்களில் பல அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தவில்லை. டீமுக்கு வைத்தியம் பார்க்கும் மெடிக்கின் யூபர், அதாவது சில நொடி அடிபடாமல் காக்கும் சக்தி, நிரம்பச் சாதாரணமாக 40 நொடி. கைப்பற்ற வேண்டிய ஒரு பாயின்ட்டிலிருந்து அடுத்ததற்கு ஓடும் நேரமும், செத்தவன் திரும்பி வரும் நேரமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். இந்தக் கணக்கு இரவு பகலாக ஆடுகிறவனுக்குத்தான் பிடிபடும். அப்படி ஆடியவர்கள் மத்தியிலிருந்து பிராசஸ், கல்லிவாஷ், ஸ்னேக்வாட்டர் என்ற மேப்கள் எல்லாம் வந்தன. போட்டிகளில் ஆடி, குறை சொல்லி, திருத்தி, திரும்ப ஆடித்தான் அவை தேறின. பிறகு அந்த கேமைச் செய்த வால்வ் கம்பெனியே அவற்றைத் தன் விளையாட்டில் சேர்த்துக்கொண்டது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கும் வால்வுடையதுதான்.

வெளியாள் செய்தது என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2001-ல் வந்த டஸ்ட் 2-ஐச் செய்த டேவ் ஜான்ஸ்டன் வால்வ் ஊழியர் இல்லை. 2014 முதல் 2019 வரை பெரிய போட்டிகளில் ஆடிய கேஷ் மேப்பும் வெளியாட்கள் செய்ததே. 2022 நவம்பரில் அந்த டஸ்ட் 2-ஐயே நகர்த்திவிட்டுப் போட்டி மேப் வரிசையில் ஏறிய அனுபிஸும் அப்படித்தான். 2024-ல் விங்மேனுக்கென்று வந்த அசெம்ப்ளி, மெமென்டோ இரண்டும் ஆட்டக்காரர்கள் ரெண்டு பேர் ஆட்டத்துக்கென்றே செய்தவை.

அதற்காக எதை வேண்டுமானாலும் எடுத்துவிடக் கூடாது. பகிரப்படும் மேப்களில் பெரும்பாலானவை ஒரு நாள் கூத்து. கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 காலத்தில் கேம் சென்டருக்குச் சென்டர் ஓடிய ஐஸ்வேர்ல்ட் மேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே துப்பாக்கி, நடுவில் நாலு பனிக்கட்டி, அவ்வளவுதான். கை நிதானத்துக்கு நல்ல பயிற்சி, டீமாக யோசிக்க அதில் எதுவும் இல்லை. அப்புறம் கோப்புச் சிக்கல். பென் டிரைவில் கைமாறி வந்த மேப் ஒரு கணினியில் பழையதாகவும் இன்னொன்றில் திருத்தியதாகவும் இருந்தால், உங்கள் மேப் சர்வர் மேப்போடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி உள்ளேயே விடாது. போட்டி நாளில் இது நடந்தால் பாதி காலை போய்விடும்.

வாலரன்ட் என்ற ஷூட்டர் கேம் ஆடுகிறவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. கம்பெனி செய்வதுதான் மேப், நாமாக ஒன்றைச் செய்து ஏற்ற வழி இல்லை. போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறவர்களுக்கு அதற்குள்ளேயே கிராஃப்ட்லேண்ட் என்ற வசதி இருக்கிறது. போனிலேயே மேப் கட்டி, அதன் குறியீட்டை (code) அனுப்பி ஆட வைக்கலாம். கணினி இல்லாத வீடுகள் நிறைந்த நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

நம் ஊர் அமைப்பே சின்ன டீம் மேப்புக்குத் தோதானது என்பேன். கும்பகோணத்துப் பழைய தெரு ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீளமான நேர்ப் பார்வை. அதில் ரெண்டு பக்கமும் திண்ணைத் தூண்கள், குனிந்தால் மறைவு. ரேழி வழியாக நுழைந்து முற்றம் கடந்து கொல்லையில் வெளியேறினால் ஆற்றுப் படித்துறை. அங்கே குண்டு வைக்கும் இடம். தெரு, சந்து, வீடு என்று மூன்று நுழைவு போதும். தூணின் தடிமன், முற்றத்தின் அகலம் இரண்டையும் ஆடி ஆடித் திருத்திக்கொள்ளலாம். எந்தக் கம்பெனியும் நமக்காக இதைச் செய்யப் போவதில்லை. நம் பசங்களால் முடியும்.

சரி, உள்ளூர் போட்டிக்கு என் யோசனை. மூன்று மேப்: விங்மேனில் இருந்து ஒன்று, பல மாதம் ஆடித் தேறிய ஆட்டக்காரர் மேப் இரண்டு. ஆளுக்கு ஒன்றை நீக்கியபின் மிஞ்சுவதில் ஆட்டம். வீட்டில் கணினி உள்ளவனுக்கும் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடுகிறவனுக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்கும்படி, ஒரு வாரம் முன்பே மேப்களை அறிவித்துவிட வேண்டும். அன்று கொடுத்த கோப்பை, அதற்குப் பின் என்ன திருத்தம் வந்தாலும், இறுதி ஆட்டம் முடியும்வரை மாற்றக் கூடாது. முந்தின நாள் இரவே எல்லாக் கணினியிலும் ஒருமுறை மேப்பைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.