கோவளத்தின் ஒரே கரையில் மூன்று விதச் சுற்றுலா

இயற்கைக்கும் ஊர்மக்களுக்கும் கேடு செய்யாத நிலைத்த சுற்றுலாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஓர் ஊரை இன்னோர் ஊருடன் ஒப்பிடுகிறார்கள். ஆனால் கடலும் மக்களும் சாலை வசதியும் ஊருக்கு ஊர் மாறுவதால், வெற்றிக்கும் தோல்விக்கும் எது காரணம் என்று அப்படிப் பிரித்தறிவது கடினம். சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் கோவளத்தில் அந்தச் சிக்கல் இல்லை. 1752-இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றிய கோட்டை இருந்த ஊர் அது. தர்காவுக்காகவும் பலர் அங்கே வருகிறார்கள். அந்த மீனவர் ஊரின் கரையிலேயே சொகுசு விடுதி, தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் சான்றிதழ் பெற்ற நீலக்கொடிக் கடற்கரை, பலகையில் நின்று அலைமேல் சறுக்கக் கற்றுத்தரும் அலைச்சறுக்குப் பள்ளி என மூன்று விதமான சுற்றுலா நடைபெறுகிறது.

இவற்றை ஒப்பிட நான் இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். படகை ஏற்றவும் வலையைச் செப்பனிடவும் கருவாடு காயவைக்கவும் தேவைப்படும் மணலில் எவ்வளவு மீனவர் கையில் மிஞ்சுகிறது என்பது முதலாவது. பயணி செலவிடும் பணம் யார் வீட்டுக்குப் போகிறது என்பது இரண்டாவது.

விடுதியைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. 1970-களிலிருந்து அங்கிருக்கும் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதியின் பெயரில் மீனவர் இருக்கிறார். ஆனால் இந்த வகைச் சுற்றுலா எந்தக் கடற்கரையில் நடந்தாலும், உள்ளூர்க்காரர் அங்கே கூலிக்கு வேலை செய்பவராகவோ மீன் விற்பவராகவோதான் இடம்பெறுகிறார். குறைவான விருந்தினரிடம் அதிகப் பணம் பெறுவதால் கூட்டமும் குப்பையும் கட்டுக்குள் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் பண்ணை வீடுகளும் விடுதிகளும் நிலத்தின் விலையை ஏற்றிவிடும்போது, தனியே குடும்பம் நடத்தத் தொடங்கும் மீனவ இளைஞர் கடலோரத்தில் வீட்டுமனை வாங்க இயலாமல் போகிறது. அந்த இழப்பு எந்த விடுதியின் கணக்கிலும் பதிவாவதில்லை.

நீலக்கொடியை இவ்வளவு சுருக்கமாக மதிப்பிட முடியாது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் இந்தச் சான்றிதழ், 2021-இல் கோவளத்துக்கும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. குளிக்கும் நீரின் தரம், சுற்றுச்சூழல் மேலாண்மை, தகவலும் கல்வியும், பாதுகாப்பு ஆகிய நான்கு தலைப்புகளில் 33 நிபந்தனைகளை நிறைவேற்றி, ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். ஈ.கோலை உள்ளிட்ட குடல் பாக்டீரியாக்களுக்காக நீரைத் தவறாமல் பரிசோதிப்பதும், உயிர்காப்பாளர்களை நிறுத்துவதும், ஊனமுற்றோர் வந்துசெல்ல வசதி செய்வதும் நம் கடற்கரைகளில் அரிதானவை. ஒரு குடும்பம் குழந்தைகளுடன் வந்து கழிவறைக்கு அலையாமல் பொழுதைக் கழிப்பதும் சிறிய செய்தியன்று. தங்கும் விடுதிக்குப் பணம் கொடுக்க இயலாதவருக்கும் நல்ல கடற்கரை கிடைக்க வேண்டும் என்று பார்த்தால் மூன்றில் முதலிடம் இதற்குத்தான்.

குறை, சான்றிதழ் எல்லை வகுக்கும் முறையில் இருக்கிறது. தெற்குப் பக்கிங்காம் கால்வாயின் நீர் சேரும் முட்டுக்காட்டு உப்பங்கழி கோவளத்தை ஒட்டித்தான் கடலில் கலக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளின் கழிவுநீர் அதில் சேரும்போது, குறியிட்ட கரைப் பகுதியைப் பெருக்கிச் சுத்தம் செய்வதால் மட்டும் கடல்நீர் தூய்மையாகிவிடாது. மேலும், நீலக்கொடிக்கான உடைமாற்றும் அறைகள், கழிவறைகள் போன்றவற்றை கடல் ஏறும்போது நீர் எட்டும் உயர் அலைக்கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி அமைத்துக்கொள்ள, கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 2020 ஜனவரியில் தளர்த்தப்பட்டன. அதே விதிகளின்கீழ் தம் வீட்டைக் கட்டவும் விரிவாக்கவும் அனுமதிக்காக அலையும் மீனவருக்கு இந்தச் சலுகை எப்படித் தோன்றும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிப்பவருக்கென ஒதுக்கிய இடத்தில் படகும் வலையும் இடைஞ்சலாகிவிடுகின்றன. மணலில் காயும் நெத்திலி, பார்க்க வந்தவரின் கண்ணுக்கு அழுக்காகத் தெரிகிறது. வெளிச்சமும் ஒரு சிக்கல்தான். சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், கரையில் விளக்கு எரிந்தால் கடலுக்குப் போகாமல் அதை நோக்கித்தான் நகர்கின்றன. விடுதியானாலும் நீலக்கொடிக் கரையானாலும் அந்த மாதங்களில் விளக்கை அணைப்பதே ஆமைக்குச் செய்யும் பெரிய உதவி.

அலைச்சறுக்கு இவ்விரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபடுகிறது. கோவளத்தைச் சேர்ந்த மீனவரான மூர்த்தி மேகவனும் ஊர் இளைஞர்களும் வளர்த்தெடுத்த இந்த விளையாட்டு, 2013-இல் தொடங்கிய அலைச்சறுக்குத் திருவிழாவால் நாடெங்கும் அறியப்பட்டது. இங்கே விற்கப்படும் சரக்கே மீனவரின் அறிவுதான். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பெயர் வைத்து, காற்றின் திசையைப் பார்த்துக் கடலின் போக்கைச் சொல்லும் சமூகத்தில் பிறந்தவர், கட்டுமரத்தில் அலையைக் கடந்த பழக்கத்தையே பலகையின்மேல் நின்று கற்பிக்கிறார். இதற்குச் சுவரோ புல்வெளியோ வேண்டாம். பலகைகளை அடுக்க ஒரு கொட்டகை போதும். படகு நிற்கும் மணலிலேயே பாடம் நடக்கிறது, கட்டணமும் ஊருக்குள்ளேயே தங்குகிறது. என் இரு அளவுகோல்களிலும் இது மற்ற இரண்டையும் விஞ்சுகிறது.

ஆயினும் இதைக் குறையற்றதாக நான் காட்ட விரும்பவில்லை. ஓர் ஆசிரியர் ஒரு நேரத்தில் சிலருக்கே கற்பிக்க முடியும் என்பதால், இது பலநூறு குடும்பங்களுக்குப் பிழைப்பாகிவிடாது. இதில் வருமானம் பெறுபவர் பெரும்பாலும் இளைஞர்களே. ஏலத்தில் மீனெடுத்துக் கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கு இதில் இடமில்லை. அலைச்சறுக்குப் புகழ்பெறப் பெற, வெளியூர் முதலீட்டாளர் அதன் பெயரில் அறைகள் கட்டி வாடகைக்கு விடுவதும் நடக்கும். அப்படியானால் விடுதிச் சுற்றுலா வேறு உடையில் திரும்பி வந்ததாகத்தான் பொருள். இதைத் தடுக்க ஒரு வழி, வந்தவர்களை மீனவர் வீடுகளிலேயே தங்கவைப்பது. வீட்டுக்காரப் பெண்ணே சமைத்துப் போட்டு அறை வாடகையையும் வாங்கிக்கொண்டால், பலகைப் பயிற்சி கொடுக்காத வருமானம் பெண்களுக்குக் கிடைக்கும்.

நீலக்கொடிக்கும் அலைச்சறுக்குக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. நீர்ப் பரிசோதனையும் உயிர்காப்பாளரும் கழிவறையும் முன்னதிலிருந்து வரட்டும். கரையை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்யட்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு மீன் விற்கும் பெண்களுக்கு நிழற்கூரையும் பனிக்கட்டிப் பெட்டியும் அமைக்கச் செலவாகட்டும். விடுதியுடன் இப்படி இணைக்க வழியில்லை; அதன் வேலியே அதன் வணிகம்.

வாடைக்காலத்தில் இந்த மூன்றின் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிக்கும் நாட்களில் விடுதி தன் அறைகளின் வாடகையைக் குறைக்கலாம். நீலக்கொடிக் கரை குளிக்கத் தடை விதிக்கும். கற்பிக்க ஆளில்லாத நாளில் அலைச்சறுக்கு ஆசிரியர், காற்று தணிந்த விடியலைப் பார்த்து அண்ணனின் ஃபைபர் படகில் ஏறி வலை போடப் போகலாம்.