மே க்ளோங் ரயில்: குடை மடக்குவதைப் பார்க்க மட்டும் போகாதீர்கள்

பாங்காக் போய் வந்த எல்லோருடைய போனிலும் அந்த வீடியோ இருக்கும். சந்தைக்கு நடுவில் ரயில் வரும், கடைக்காரர்கள் பந்தலை மடக்குவார்கள், காய்கறித் தட்டை உரசாத குறையாக ரயில் நகர்ந்து போகும், அது போன கையோடு பந்தல் மறுபடி விரியும். மே க்ளோங் ஊரின் தலாத் ரொம் ஹுப், அதாவது குடை மடக்கும் சந்தை. பெரும்பாலானவர்கள் வேனில் வந்து இறங்கி, ரயில் வரும்போது படம் பிடித்துவிட்டு, அதே வேனில் மிதக்கும் சந்தைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ரயிலுக்குள் உட்கார்ந்து வந்தவர்கள் குறைவு. நான் இரண்டு முறை போனேன், முதல் முறை தப்பாக, இரண்டாம் முறை சரியாக. மொத்தச் செலவு, ஒரு வழிக்கு 23 பாட்.

கணக்கு இதுதான். பாங்காக்கில் வோங்வியன் யாய் நிலையத்திலிருந்து மகாச்சாய் வரை 10 பாட். அங்கே இறங்கி தா சீன் ஆற்றைப் படகில் கடக்க 3 பாட். அக்கரையில் பான் லேம் நிலையத்திலிருந்து மே க்ளோங் வரை இன்னொரு 10 பாட். நடுவில் ஏன் பாலம் இல்லை என்றால், இது முதலில் இரண்டு கம்பெனிகள் 1900-களின் தொடக்கத்தில் தனித்தனியாகப் போட்ட பாதை, பிறகுதான் ஒரே நிர்வாகத்துக்கு வந்தது. தாய்லாந்தின் மற்ற ரயில் பாதைகளோடு இதற்கு இன்றைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மீனையும் காய்கறியையும் பாங்காக்குக்குக் கொண்டுவரப் போட்ட பாதை, அவ்வளவுதான்.

முதல் பாதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வீடுகளின் கொல்லைப்புறம் வழியாக ஒரு மணி நேரம். கையை நீட்டினால் யாருடைய துணிக்கொடியாவது சிக்கும்.

மகாச்சாயில் நடைமேடையை விட்டு வெளியே கால் வைத்தால் நேரே மீன் சந்தை. இந்த ஊர் சமுத் சாக்கோன் மாகாணத்தின் தலைநகர். பெயரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், சமுத்திரம், சாகரம், இரண்டும் கடல்தான். கடலுக்குக் கடல் என்றே இரண்டு முறை பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரின் பிழைப்பும் அப்படித்தான். டின்னில் அடைத்த சூரை மீன் ஏற்றுமதியில் தாய்லாந்து உலகத்தின் முன்வரிசையில் இருக்கிறது, அதில் பெரும் பங்கு இந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் அடைபடுவது. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சூரை இந்தக் கடலில் பிடித்தது இல்லை, பெரும்பாலும் தூரத்துப் பெருங்கடல்களிலிருந்து உறைந்த கட்டியாகக் கப்பலில் வருவது. வேலை செய்பவர்களும் தூரத்திலிருந்து வந்தவர்கள்தான். கடைப் பலகைகளில் தாய் எழுத்துக்குப் பக்கத்திலேயே பர்மிய எழுத்து, இறால் உரிக்கும் பெண்கள் கன்னத்தில் தனகா, பர்மியர்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து. 2020 டிசம்பரில் இங்குள்ள இறால் சந்தையில் கொரோனா பரவியபோதுதான் நாட்டின் கடலுணவுத் தொழில் யார் தோளில் நிற்கிறது என்று பாங்காக்கில் பலருக்கும் உறைத்தது.

இனி என் முட்டாள்தனம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரயில்கள் கிட்டத்தட்ட மணிக்கு ஒன்று ஓடுகின்றன. அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு நாளைக்கு நான்கே நான்கு. 7:30, 10:10, 1:30, 4:40. சாவகாசமாக 9:40 வண்டியில் கிளம்பிய நான் பான் லேம் போய்ச் சேர்ந்தபோது 10:10 எப்போதோ போயிருந்தது. மூன்று மணி நேரம் சும்மா. சரி, அதுவும் நல்லதுக்குத்தான். படகுத்துறைக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் தா சாலோம் பழைய மீனவர் குடியிருப்பு. தெருவில் மூங்கில் தட்டிகளில் கணவாய் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே, ஈ விரட்டும் குச்சியால் என்னையும் ஒதுங்கச் சொன்னார், நிழல் விழுகிறதாம்.

இரண்டாம் முறை 8:35 வண்டியைப் பிடித்தேன். நீங்களும் அதையே பிடியுங்கள். படகுக்கும் நடைக்கும் போதுமான நேரம் கிடைக்கும்.

பான் லேமுக்கு அப்புறம் வருவதுதான் இந்தப் பயணத்தின் உயிர். நிலம் தட்டையாகிவிடும், மரம் குட்டையாகிவிடும், பிறகு இரண்டு பக்கமும் நீர், நீர், உப்பளம், மறுபடி நீர். தாய்லாந்து வளைகுடாவின் இந்த உச்சிப் பகுதியைத் தாய்லாந்துக்காரர்கள் 'கோ' எழுத்து வளைகுடா என்கிறார்கள், வரைபடத்தில் பார்த்தால் அவர்களுடைய முதல் எழுத்தான ก மாதிரியே இருக்கும். மே க்ளோங், தா சீன், சாவ் பிராயா, பாங் பாகோங் என்று நான்கு ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவது இந்த வளைவுக்குள்தான். வெள்ளை மணல் கடற்கரை இங்கே கிடையாது, சேறுதான். ஆனால் அந்தச் சேறுதான் சோறு போடுகிறது. களிமண் என்பதால் பாத்தி கட்டினால் நீர் கீழே இறங்காது, எனவே உப்பு. ஆற்று நீரோடு ஊட்டமும் வருவதால் இறால், சிப்பி, மீன். ஓரத்தில் அலையாத்திக் காடு.

நான் போனது பிப்ரவரியில். பாத்திகளில் உப்பைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள். மழை முடிந்ததும் தரையை உருளை ஓட்டி இறுக்கி, கடல் நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றிச் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் எடுக்கிறார்கள். மேலே மிதக்கும் முதல் படலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் உப்புப்பூ, 'தோக் க்ளுவா'. உப்பு பூத்திருக்கிறது என்று நாமும்தானே சொல்கிறோம். விலை பேசுவது இன்னமும் 'க்வியன்' கணக்கில், அதாவது வண்டிக் கணக்கில், ஒரு வண்டி கிட்டத்தட்ட ஒன்றரை டன். மாட்டு வண்டி போய்விட்டது, அளவு மட்டும் தங்கிவிட்டது. வடகிழக்குத் தாய்லாந்தில் நிலத்தடியிலிருந்து எடுக்கும் உப்பு மலிவு என்பதால் அளத்துக்காரர்கள் பாடு எளிதில்லை, அதிலும் பருவம் தப்பிய ஒரு மழை அடித்தால் குவியல் கரைந்து போச்சு.

இடையிடையே அசையாத பச்சை நீரோடு வரும் சதுரங்கள் இறால் குட்டைகள். 1980-களில் இந்தக் கரையில் வரியிறால் பைத்தியம் பிடித்தது. அலையாத்தியை வெட்டிக் குட்டை போட்டார்கள், சில ஆண்டுகள் பணம் கொட்டியது. 1990 வாக்கில் நோயும் அழுக்கு நீரும் சேர்ந்து மொத்தத்தையும் கவிழ்க்க, தொழில் தெற்கேயும் கிழக்கேயும் நகர்ந்தது.

அப்புறம் மே க்ளோங். ரயில் ஊர்ந்து சந்தைக்குள் நுழையும்போது ஜன்னலுக்கு வெளியே நூறு போன்கள் உங்களைப் படம் பிடிக்கும், அந்த வேனில் வந்தவர்கள் கண்ணால் நீங்கள் பார்க்கப்படுவது ஒரு தனி அனுபவம். சக்கரம் வைத்த தட்டுகள் பின்னால் போகின்றன, தரையில் கிடக்கும் கத்திரிக்காயை யாரும் நகர்த்துவதே இல்லை, ரயிலின் வயிறு அதற்கு மேலேதான் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். சில நிமிடம், முடிந்தது. தண்டவாளத்தை ஒட்டிய ஒரு காபிக் கடையில், பெயர் வேண்டாம், ஐஸ் காபிக்கு என்னிடம் வாங்கிய பணத்தில் மூன்று முறை இந்த ரயிலில் வந்திருக்கலாம். காபியும் சர்க்கரைத் தண்ணீர்.

கடைகளில் தேட வேண்டியது பிளா தூ. நம் கானாங்கெளுத்தியின் குட்டைத் தம்பி. சின்ன மூங்கில் கூடையில் இரண்டு மூன்றாக அடுக்கி அவித்து விற்கிறார்கள். கூடை சின்னது, மீன் நீளம், அதனால் தலையை ஒடித்து மடக்கிவிடுகிறார்கள். 'முகம் கோணி, கழுத்து ஒடிந்தது' என்பதுதான் மே க்ளோங் மீனின் அடையாளம் என்று தாய்லாந்து மொழியில் வழக்கு. சந்தைக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையில் அதைப் பொரித்து, இறால் விழுதில் இடித்த மிளகாய்த் துவையலோடு கொடுத்தார்கள். முள் தொல்லை உண்டு. சதை வெண்ணெய் மாதிரி, எண்ணெய் தானாகக் கசியும். சோறு இரண்டாம் முறை வாங்கினேன். ஆனால் வளைகுடாவில் இந்த மீன் குறைந்துவிட்டது, கூடையில் இருப்பதெல்லாம் இந்த ஆற்று முகத்தில் பிடித்தது என்று நம்பிவிட வேண்டாம். கட்டுப்பாடற்ற மீன்பிடிப்புக்காக 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்கு மஞ்சள் அட்டை, அதாவது எச்சரிக்கை, காட்டியது, அதை விலக்கிக்கொள்ள 2019 ஆனது.

நேரம் இருந்தால் ஆற்று முகத்தில் தோன் ஹோய் லோட் சேற்றுத் திட்டுக்குப் போகலாம், நீர் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். சுண்ணாம்பு தோய்த்த குச்சியைத் துளையில் விட்டால் கத்திச் சிப்பி எரிச்சல் தாங்காமல் மேலே எழும்பும், சட்டென்று பிடித்துவிடுவார்கள். நான் முயன்றேன், பத்துத் துளைக்கு ஒன்று. பக்கத்து ஊரான அம்பவாவில் தென்னஞ்சர்க்கரை காய்ச்சுகிறார்கள், வாசனை நன்றாக இருக்கும், ஆனால் கரும்புச் சர்க்கரை கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

காலை வண்டியில் பெட்டியின் வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் இடப்பக்கம் அடிக்கும். ஏசி கிடையாது, ஜன்னல்தான். 11:10-க்கு வந்து இறங்கும் வண்டி 11:30-க்கே திரும்பிவிடும், அதில் ஏறினால் வந்ததற்கு அர்த்தமே இல்லை. அடுத்தது 3:30, அதுதான் கடைசி. அதையும் கோட்டை விட்டால் வேன், வேன் என்றால் பாங்காக் போகும் ராமா 2 நெடுஞ்சாலை, ஏழு தலைமுறைக்கும் வேலை முடியாத சாலை என்று பாங்காக் ஆட்களே கிண்டல் செய்யும் சாலை.