டவுன்ஸ்வில் கடலடிக் கலை அருங்காட்சியகம்: போய்ப் பார்க்கத் தக்கதா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள டவுன்ஸ்வில் நகருக்குப் பலரும் கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பெரும் பவளத்திட்டைப் பார்க்கும் ஆசையோடு செல்கிறார்கள். அங்குள்ள கடலடிக் கலை அருங்காட்சியகத்தை அந்தப் பயணத்தின் துணைக் காட்சியாக எண்ணாமல் முதலிலேயே பார்த்துவிடுமாறு பரிந்துரைக்கிறேன். இது ஒரே கூரையின்கீழ் அடங்கிய கட்டடம் அன்று. பிரிட்டிஷ் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லரின் படைப்புகளுள் ஒன்று நகரக் கடற்கரையிலும், மற்றவை படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஜான் புரூவர் பவளத்திட்டிலும் இருக்கின்றன.

கடற்கரையில் இருப்பது 'ஓஷன் சைரன்'. ஸ்ட்ராண்ட் இறங்குதுறையை ஒட்டி, 2019 இறுதியில் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி கடலில் நிறுவப்பட்ட இச்சிலை, அந்நிலத்தின் பூர்வகுடிகளான வுல்குருகாபா மக்களைச் சேர்ந்த ஒரு சிறுமியை மாதிரியாகக் கொண்டு வடிக்கப்பட்டது. பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். இருட்டிய பிறகே இதன் உயிர் தெரியும். டேவிஸ் திட்டிலுள்ள வானிலை நிலையம் அளக்கும் கடல்நீர் வெப்பத்துக்கேற்ப, உள்ளிருக்கும் விளக்குகள் குளிர்ந்த நாள்களில் கருநீலமாகவும், வெப்பம் கூடக்கூடச் சிவப்பாகவும் மாறுகின்றன.

வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு பாகை கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே, பவள உயிரிகள் தமக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசிகளை இழந்து வெளிறிவிடுகின்றன. இப்பெருந்திட்டில் 2016, 2017, 2020, 2022, 2024 உள்ளிட்ட ஆண்டுகளில் அது பரவலாக நிகழ்ந்தது. கரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாத அந்த வெப்பத்தை, வரைபடமாக அன்றி, அக்கடலைத் தலைமுறைகளாக அறிந்த மக்களின் குழந்தை ஒருத்தியின் உடல்மேல் காட்டியிருப்பதில்தான் இப்படைப்பின் பெருமை இருக்கிறது. வெளியிலிருந்து வந்த சிற்பி, எந்தக் கடற்கரைக்கும் பொருந்தக்கூடிய கற்பனைக் கடற்கன்னி ஒருத்தியை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம்; அவ்வாறு செய்யாததாலேயே இச்சிலையை வேறோர் ஊருக்குப் பெயர்த்து வைத்துப் பார்க்க என்னால் இயலவில்லை.

ஜான் புரூவர் திட்டில் ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில் இருக்கும் 'கோரல் கிரீன்ஹவுஸ்' அந்த அளவுக்கு என்னைக் கவரவில்லை. பவளம் வளர்க்கும் பசுமைக்குடிலும் அதைப் பேணும் இளையோர் உருவங்களும் அழகானவையே. மீன்களும் பவளங்களும் அங்கே குடியேறுவதைக் காண்பது பெரும் மகிழ்ச்சி. ஆயினும் குடிலின் வடிவம் ஐரோப்பியத் தோட்டங்களை நினைவூட்டுகிறதே தவிர, அந்த இடத்தைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லவில்லை. அதே திட்டில் 2023-இல் சேர்க்கப்பட்ட 'ஓஷன் சென்டினல்ஸ்' என்னும் எட்டுச் சிலைகளும் அதைவிட மேலானவை. பவளத்திட்டின் ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் உழைத்த காதரினா ஃபாப்ரிசியஸ், ஜான் வெரான் முதலியோரின் உருவங்களைக் கடலுயிர்களின் வடிவங்களோடு இணைத்திருப்பது பொருத்தமான மரியாதை.

நாங்கள் சென்ற படகில் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குக் குறையில்லை. ஆனால் மீன் வகைகளைப் பற்றி விரிவாகப் பேசிய வழிகாட்டி, பூர்வகுடிகளைப் பற்றி ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டது வருத்தமளித்தது. அம்மக்களில் ஒருவரே படகில் வந்து அக்கடலைப் பற்றிப் பேசுவாராயின் இந்தக் கலையின் பாதி விளக்கம் தானே கிடைத்துவிடும். கலையைக் காணவே கடலைச் சூடாக்கும் எரிபொருளை எரித்துச் செல்ல வேண்டியிருக்கிறது என்னும் முரணையும் எவரும் பேசவில்லை; பேசியிருக்க வேண்டும்.

கிரீன்ஹவுஸுக்குள் செல்ல, காற்றுக்கலனோடு நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் தேவை. சென்டினல்ஸ் சிலைகளை ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயோடு மேலே மிதந்தபடியே பார்க்கலாம். நவம்பர் முதல் மே வரை நச்சு ஜெல்லிமீன்கள் வரும் காலமாதலால் முழு உடல் நீச்சலுடை அணிவது அவசியம். காற்று பலமாக இருந்தால் பயணம் ரத்தாகக்கூடும் என்பதால் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. படகுக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் தயங்காமல் கடற்கரைச் சிலையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.