கோர் 2 டுவோன்னு சொல்லி விக்கிறாங்க, லினக்ஸ் போட பழைய லேப்டாப் வாங்குறவங்க உஷார்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி விண்டோஸுக்கு பதிலா இலவச லினக்ஸ் போடலாம்னு இருக்கவங்க இத படிச்சிட்டு போங்க. கடை பேர் போடல, போட்டா போர்ட மாத்திட்டு அடுத்த சந்துல உக்காந்துக்குவாங்க.

நான் தேடுனது திங்க்பேட் டி60ங்கற லேப்டாப். 2006ல வந்தது, அந்த கீபோர்டுக்காகவே வாங்கலாம். ஆனா இதே மாடல் கோர் டுவோ ப்ராசசர்லயும் இருக்கு, கோர் 2 டுவோலயும் இருக்கு, பேருல ஒரே ஒரு 2 தான் வித்தியாசம், முன்னது 32 பிட், பின்னது 64 பிட், 64 பிட் சாஃப்ட்வேர் முன்னதுல ஓடாது. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல (லினக்ஸ்ல ஒரு வகை) 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது, அதனால 64 தான் வேணும்னு கடைல தெளிவா சொன்னேன். "சார் இது டி7200, நீங்களே பாருங்க"ன்னு ஒரு கோர் 2 டுவோ நம்பர சொல்லி, விண்டோஸ் எக்ஸ்பிய ஆன் பண்ணி மை கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸ திறந்து காட்டுனார், கோர் 2 டுவோன்னு அப்படியே இருந்துச்சு, டாஸ்க் மேனேஜர்ல ரெண்டு கிராஃப் ஓடுது, ஸ்டிக்கரும் பளபளன்னு இருக்கு. 6500 சொன்னார், 5800க்கு முடிஞ்சுது.

வீட்டுல டெபியன் பென்டிரைவ சொருகுனா, இந்த கெர்னலுக்கு எக்ஸ்86-64 (64 பிட்) சிபியு வேணும், இங்க இருக்கறது ஐ686 (32 பிட்) தான்னு சொல்லிட்டு நின்னுடுச்சு. சரின்னு ஆன்டிஎக்ஸ்ங்கற இன்னொரு லினக்ஸ 32 பிட்ல பூட் பண்ணி, ப்ராசசர் விவரம் காட்டுற எல்எஸ்சிபியு கமாண்ட் அடிச்சா டி2400ன்னு வருது, அது வெறும் கோர் டுவோ. மாடல் நம்பர் 14, டி7200ன்னா 15 இருக்கணும். ப்ராசசரால என்னென்ன முடியும்னு காட்டுற ஃப்ளாக்ஸ்ல, 64 பிட்டுக்கான எல்எம் இல்லவே இல்ல, அது இல்லன்னா 64 பிட் கனவுலயும் ஓடாது.

அப்ப எக்ஸ்பி ஏன் பொய் சொல்லுச்சு? அங்க தெரியுற ப்ராசசர் பேரு விண்டோஸ் தன் விவரத்த வெச்சிருக்கற ரெஜிஸ்ட்ரில இருந்து வர்ற வெறும் எழுத்து, யார் வேணா மாத்தலாம். ஒவ்வொரு தடவ பூட் ஆகும்போதும் விண்டோஸ் அத பழையபடி எழுதிடும், அதுக்கு தான் ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல பேர திரும்ப மாத்துற ஒரு குட்டி பேட்ச் ஃபைல் போட்டு வெச்சிருந்தாங்க, ஹார்ட் டிஸ்க்க மவுண்ட் பண்ணி பாத்தப்ப சிக்குச்சு. டி2400ம் ரெண்டு கோர் தான், அதனால ரெண்டு கிராஃப் வந்தது ஒண்ணும் அதிசயம் இல்ல. இவ்ளோ மூளைய வெச்சு நேர்மையா கடை நடத்தலாம்.

ஃபோன் பண்ணா "லினக்ஸ் போட்டீங்களா சார், அப்ப வாரண்டி போச்சு"ங்கறார். போடவே முடியலைன்னு தானய்யா கூப்டேன்! நேர்ல போனா இன்னொரு ஆள் வந்து, நாங்களே போட்டு தரோம், லினக்ஸ் லைசென்ஸோட 1500 ஆகும்னார். போட்டு குடுக்குற வேலைக்கு கூலி கேளு, நியாயம். டெபியனுக்கு ஏது லைசென்ஸ் காசு, அத யாருக்கு கட்ட போறாங்களாம்?

காசு திரும்ப வரல. இப்ப நெட்பிஎஸ்டிங்கற இன்னொரு இலவச ஓஎஸ்ஸ 32 பிட்ல போட்டு ஓட்டிட்டு இருக்கேன், அது நல்லாவே ஓடுது. ரெண்டு ப்ராசசருக்கும் சாக்கெட் ஒண்ணு தான், நிஜமான டி7200 சிப் கிடைச்சா பயாஸ அப்டேட் பண்ணி மாத்திக்கலாம்.

நீங்க போறதா இருந்தா, இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற 64 பிட் லைவ் பென்டிரைவ் ஒண்ணு கையோட எடுத்துட்டு போங்க, திங்க்பேட்ல எஃப்12 அடிச்சா பூட் மெனு வரும், கடைலயே பூட் பண்ணுங்க. அப்படியே ஸ்மார்ட்சிடிஎல் கமாண்ட்ல டிஸ்க் எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னும் பாத்துடுங்க. என் பில்லுல "யூஸ்டு லேப்டாப் 1"ன்னு மட்டும் தான் இருக்கு, அத வெச்சு கன்ஸ்யூமர் கோர்ட்ல என்னத்த காட்டுறது, அதனால ப்ராசசர் நம்பர பில்லுல எழுத சொல்லுங்க, மழுப்புனா காச எடுக்காம வெளிய வந்துடுங்க.