பனி பெய்த இரவில் ஆர்.வி.: ஒரு வாடகை வண்டியைப் பற்றிய மதிப்பீடு

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், அமெரிக்காவின் டென்வரில் உள்ள ஒரு நிறுவனத்திடமிருந்து 25 அடி நீள ஆர்.வி. (உள்ளேயே சமைத்து, உறங்கித் தங்கக்கூடிய வண்டி) ஒன்றை ஐந்து நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். ஆஸ்பென் இலைகள் பொன்னிறமாக மாறும் பருவம் அது. வண்டியின் உட்புறம் மிகத் தூய்மையாக இருந்தது. அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை எதிலும் குறை சொல்ல முடியாது. செங்குத்தான இறக்கங்களில் கியரைக் குறைத்தபோது, பிரேக்கை அதிகம் மிதிக்கத் தேவையின்றி எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தியது. இரண்டாம் இரவு வரை முழு மனநிறைவோடுதான் இருந்தோம்.

அன்று நாங்கள் தங்கிய கிளேசியர் பேசின் முகாம்தளம் ஏறத்தாழ 8,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே மின் இணைப்பு கிடையாது; ஜெனரேட்டரையும் குறித்த நேரங்களில் மட்டுமே இயக்கலாம். மாலையில் தொடங்கிய மழை இரவில் பனியாக மாறியது. ஹீட்டரை இயக்கிவிட்டுப் படுத்தோம். அதிகாலை மூன்று மணியளவில் சிறியவள் குளிரில் நடுங்கி எழுப்பியபோதுதான் அது நின்றுபோயிருந்தது தெரிந்தது. எரிவாயு உறைந்துவிட்டதோ என்று முதலில் ஐயுற்றேன். ஆனால் ஹீட்டரில் எரியும் புரொப்பேன் வாயு மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகக்கூடியது. தொட்டியும் முக்கால் பங்கு நிறைந்திருந்தது. உண்மையில் தீர்ந்துபோனது பேட்டரி. எரிவாயுவில் எரியும் ஹீட்டரானாலும், வெப்பக்காற்றைத் தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில்தான் சுழல்கிறது. மின்னழுத்தம் குறைந்து விசிறி தளர்ந்தால், போதிய காற்றோட்டம் இல்லையென்று உணரும் பாதுகாப்பு விசை எரிகலனைப் பற்றவே விடாது. இருந்த போர்வைகளையெல்லாம் போர்த்திக்கொண்டு, நால்வரும் ஒரே படுக்கையில் விடியும்வரை காத்திருந்தோம். பிள்ளைகளின் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்த மணி நேரங்களை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

வண்டியை எங்களிடம் ஒப்படைத்த அன்று, வெயில் மறைப்பை விரிப்பது, கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்வது, தொலைக்காட்சியை இணைப்பது எல்லாவற்றையும் ஊழியர் பொறுமையாகக் காட்டினார். ஹீட்டரை இரவு முழுவதும் ஓட்டினால் பேட்டரி தாங்காது, படுக்கைக்குப் போகுமுன் ஜெனரேட்டரை ஓட்டி மின்னேற்றிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை. மலைப்பகுதிக்குத்தான் போகிறோம் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதியிருந்தோம்.

மறுநாள் காலை, 12,183 அடி வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலை பனியால் தற்காலிகமாக மூடப்பட்டது. அச்சாலையின் மறுபக்கம் உள்ள கிராண்ட் லேக் ஊரில் பதிவு செய்திருந்த இரவு வீணானது. தெற்கே இறங்கி 11,307 அடி உயர பெர்த்தவுட் கணவாய் வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம். ஆனால் வழுக்கும் சாலையில் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட எனக்குத் துணிவு வரவில்லை. கூடுதல் மைல்களுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. வானிலையால் இழந்த நாள்களுக்குப் பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்ததால், அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பேட்டரியின் நிலை வேறு. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது சோதித்துப் பார்த்து, அது பழையது, மின்னேற்றம் நிற்கவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டு, ஓர் இரவின் வாடகையைத் திருப்பித் தந்தார்கள். அந்த நேர்மைக்காகவும் வண்டியின் தரத்துக்காகவும் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். கோடையில் இவர்களிடம் தயங்காமல் எடுக்கலாம். செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ மலையேறுவதாக இருந்தால், பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டு, ஹீட்டரை உங்கள் கண்முன்னே ஒரு மணி நேரமாவது பேட்டரியில் மட்டும் ஓட்டிக் காட்டச் சொன்ன பிறகு கையெழுத்திடுங்கள்.