அரானெட்4 காற்றுமானி: கொண்டோ அறையில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஏர்கோன் ஓடினால் அறைக்குள் புதுக் காற்று வரும் என்று கோலாலம்பூரில் பலர் நம்புகிறார்கள். சுவரில் மாட்டிய ஏர்கோன் அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது, அவ்வளவுதான். 3 மீட்டருக்கு 4 மீட்டர் படுக்கையறையில் ஏறத்தாழ 31,000 லிட்டர் காற்று இருக்கும். உறங்கும் இருவர் மணிக்குச் சுமார் 26 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவார்கள். கதவும் சன்னலும் இறுக்கமாகச் சாத்தியிருந்தால் அறையில் அதன் அளவு மணிக்கு 800 பிபிஎம்முக்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 800 பங்கு) மேல் ஏறும். கதவிடுக்குக் கசிவு கொஞ்சம் காப்பாற்றும். ஆனாலும் விடியும்போது 2,000 தாண்டியிருப்பது சாதாரணம்.

இதைத்தான் அரானெட்4 காட்டுகிறது. லாட்வியாவில் தயாராகும் சின்னச் சதுரப் பெட்டி, ஒரு பக்கம் 7 செ.மீ. இரண்டு ஏஏ பேட்டரி போதும். திரை கிண்டில் திரையைப் போன்றது. இரவில் கண்ணைக் கூசாது, பேட்டரியையும் தின்னாது. கரியமில வாயு, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய நான்கையும் அளந்து, புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. அளக்கும் இடைவெளியை 1, 2, 5, 10 நிமிடம் என்று மாற்றலாம். படுக்கையறைக்கு 5 போதும். காருக்கு 1 வேண்டும். 1,000 வரை பச்சை, 1,400 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பணியிடக் காற்றுக்கு நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு நடைமுறை விதித்தொகுப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பும் 1,000தான் என்பதால் பச்சை முடியும் இடம் இங்கே பொருத்தமாகவே அமைகிறது.

விலை பல நூறு வெள்ளி. ஷாப்பியில் இதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கும் ‘கரியமில வாயு மானி’ கிடைக்கும்போது இது ஏன்? மலிவான பலவற்றில் உள்ளே இருப்பது பொதுவான ஆவிகளை முகரும் உலோக ஆக்சைடு உணரி. அது கரியமில வாயுவை அளப்பதில்லை, ஊகிக்கிறது. அரானெட்4 அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அந்த வாயு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்க்கிறது. சோதிக்க எளிய வழி உண்டு: மானிக்கு அருகில் கைச்சுத்திகரிப்பானைத் திறந்து வையுங்கள், மூச்சு மட்டும் மேலே படாமல். எண் தாவினால் அது போலி.

இனி முக்கியமான சங்கதி, அளவுதிருத்தம். இந்த வகை உணரி நாளாக ஆகக் கொஞ்சம் விலகும். தானியங்கித் திருத்தம் அதைச் சரிசெய்ய ஒரு அனுமானத்தை வைத்திருக்கிறது: சில நாளுக்கு ஒரு முறையாவது வெளிக்காற்று மானியைத் தொட்டிருக்கும், அப்போது பதிவான மிகக் குறைந்த எண்ணே வெளிக்காற்றின் அளவு. சன்னலே திறக்காத கொண்டோ அறையில் அந்தக் குறைந்த எண் உண்மையில் 600ஆக இருக்கலாம். மானி அதைச் சுமார் 400 என்று எடுத்துக்கொள்ளும்; அப்புறம் எல்லா அளவும் ஏறத்தாழ 200 குறைவாகவே வரும். பச்சை காட்டும், காற்றோ கெட்டிருக்கும். அப்படிப்பட்ட அறைக்குக் கைமுறைத் திருத்தமே சரி. காற்றோட்டமுள்ள பால்கனியிலோ திடலிலோ, நிழலில், ஆளில்லாமல் அரை மணி நேரம் வைத்துச் செய்யுங்கள். விடியற்காலை வேண்டாம்: காற்று அசையாத வேளையில், இரவெல்லாம் செடிகொடிகள் விட்ட வாயு தரையோடு தேங்கியிருக்கும். காற்று வீசும் பிற்பகலே நல்லது.

விண்வெளி நிலையத்தில் இந்தத் தானியங்கித் தந்திரம் செல்லவே செல்லாது. திறக்கச் சன்னல் ஏது? அங்கே பிரதான வாயுக்களை அளக்கும் நிறைநிறமாலைமானியை, கலவை துல்லியமாகத் தெரிந்த வாயுவைக் கொண்டுதான் சரிபார்க்கிறார்கள். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் 2007 அக்டோபரில் அங்கே போனபோது, நுண்ணளவு வாயுக்களைக் கண்டறியும் ஐரோப்பாவின் அனிட்டா கருவியும் நிலையத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. நிலையத்துக் கரியமில வாயு 3 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் அளவில் இருப்பது வழக்கம். நம் கணக்கில் அது 4,000 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவு. தலைவலி அபாயத்தை 1 விழுக்காட்டுக்குள் வைக்க வார சராசரி 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது.

அந்த 4,000ஐத் தொட விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. காரில் நான்கு பேர், ஏர்கோன் வெளிக்காற்றை எடுக்காத உள்சுழற்சியில்: கசிவே இல்லையென்றால் நிமிடத்துக்கு 400 பிபிஎம் ஏறும் கணக்கு. கோலாலம்பூரிலிருந்து வடக்கே பினாங்குக்கு ஓட்டுபவர்கள் மெனோரா சுரங்கத்தில் லாரிப் புகைக்குப் பயந்து உள்சுழற்சியை அழுத்துவது சரிதான். வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். அரானெட்4 தன் பணத்துக்கு அதிகம் உழைப்பது காரில்தான்.

இது அளக்காதவை? புகைமூட்டத் துகள், கார்பன் மோனாக்சைடு, புது அலமாரியின் ஃபார்மால்டிஹைடு. நிலையத்திலும் எரிபுகை வாயுக்களுக்குத் தனிக் கருவி, ஃபார்மால்டிஹைடுக்குத் தனி அட்டை என்றுதான் வைத்திருக்கிறார்கள். கேஸ் வாட்டர் ஹீட்டர் உள்ள வீட்டில் மோனாக்சைடு அலாரம் தனியாக வாங்கியே ஆக வேண்டும். புகைமூட்ட நாளில் இந்த மானி சிவப்பைக் காட்டிச் சன்னலைத் திறக்கத் தூண்டும். காற்றுமாசுக் குறியீடு 100 தாண்டியிருந்தால் அதன் பேச்சைக் கேட்காதீர்கள். அறைக் கதவைக் கூடத்துக்குத் திறந்துவிட்டு, கூடத்தில் காற்றுவடிகட்டியை ஓடவிடுங்கள்.

வைக்கும் இடம்: தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், தலைமாட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ஏர்கோன் காற்று நேரே படாமல். நாள் முழுக்கக் கண்ணாடிப் பலகைச் சன்னல் திறந்திருக்கும் பழைய மாடி வீட்டுக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குத் துகள்மானி வாங்கலாம்.