வசிப்பாளர் அல்லாத துணையோடு அமெரிக்க வரித் தாக்கல்: கூட்டாகவா, தனியாகவா?

நவம்பரில் மதுரையில் திருமணம் முடித்து, டிசம்பரில் தனியாக அமெரிக்கா திரும்பும் எச்-1பி வேலை விசா ஊழியர், அடுத்த ஏப்ரலில் வரிப் படிவம் நிரப்பும்போது தம்மைச் 'சிங்கிள்' என்றே குறித்துவிடுவது உண்டு. அது சட்டப்படி தவறு. டிசம்பர் 31 அன்று மணமானவராக இருப்பவர் அந்த ஆண்டு முழுவதும் மணமானவர் என்பதே அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். கணக்கு, மனைவி இன்னும் விசா கிடைக்காமல் ஊரில் இருக்கிறார் என்பது அதை மாற்றாது. ஆகவே அவர் முன் உள்ள பாதைகள் முக்கியமாக இரண்டு. மணமானவராகத் தனியே தாக்கல் செய்யலாம். அல்லது மனைவியையும் ஆண்டு முழுவதும் அமெரிக்க வரி வசிப்பாளராகக் கருதும்படி தெரிவு செய்து, இருவரும் கூட்டாகத் தாக்கல் செய்யலாம். இதற்கு இடமளிக்கும் 6013(ஜி) என்ற உட்பிரிவு 1976-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் வந்தது. கணவர் இந்தியாவில் இருந்து மனைவி அமெரிக்காவில் வேலை பார்த்தாலும் விதிகள் இவையே.

யார் வசிப்பாளர் என்பதை விசா முத்திரை முடிவு செய்வதில்லை. நாள் கணக்கே முடிவு செய்கிறது. நடப்பாண்டில் குறைந்தது 31 நாள் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். அதோடு நடப்பாண்டு நாள்கள் முழுவதையும், முந்தைய ஆண்டின் நாள்களில் மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் நாள்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டினால் 183 வர வேண்டும். இதற்கு முன் அமெரிக்கா வந்திராத மனைவி ஜூலை 2-க்குப் பிறகு, எச்-1பி ஊழியரின் துணைக்கான எச்-4 விசாவில் வந்து இறங்கினால், அந்த ஆண்டில் அவருக்கு 183 நாள் சேராது. பசுமை அட்டையும் இல்லையென்றால் அவர் வசிப்பாளர் அல்லாதவரே.

பணக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்பது தெளிவு. மாநில வருமான வரி இல்லாத ஃபுளோரிடாவின் டாம்பாவில் 2025-இல் 1,20,000 டாலர் சம்பளம் வாங்கிய கணவர். அக்டோபரில் சென்னையிலிருந்து எச்-4 விசாவில் வந்த மனைவி. தனித் தாக்கலில் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எனப்படும் நிலைக் கழிவு 15,750 டாலர்; கூட்டுத் தாக்கலில் 31,500 டாலர். தனியே செய்தால் வரிக்குரிய வருமானம் 1,04,250 டாலராகி, கூட்டரசு வரி 17,867 டாலர் வருகிறது. மனைவிக்கு எந்த வருமானமும் இல்லையென்று வைத்துக்கொண்டு கூட்டாகச் செய்தால், வரிக்குரிய வருமானம் 88,500 டாலர், வரி 10,143 டாலர். வித்தியாசம் 7,724 டாலர். கழிவு இரட்டிப்பாவது ஒரு காரணம். 12 சதவீத விகிதம் தனித் தாக்கலில் 48,475 டாலரோடு முடிந்துவிட, கூட்டுத் தாக்கலில் 96,950 டாலர் வரை நீள்வது அதைவிடப் பெரிய காரணம். இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் வேறெதையும் யோசிக்காமல் கூட்டுத் தாக்கலுக்குக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். பலருக்கு அது சரியான முடிவே. ஆனால் மனைவியின் பெயரில் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று கேட்காமல் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஏனென்றால் கூட்டுத் தாக்கலின் விலை, உலகில் எங்கு ஈட்டிய வருமானமானாலும் இருவருடையதும் அமெரிக்க வரிக்குள் வருவது. அக்டோபரில் வந்த மனைவி செப்டம்பர் வரை சென்னையில் வாங்கிய சம்பளமும் அதில் சேரும். அது 15,000 டாலருக்கு இணையானது என்றால் கூட்டு வரி 12,598 டாலராக உயர்கிறது. அப்போதும் தனித் தாக்கலைவிட 5,269 டாலர் குறைவுதான். இதே எடுத்துக்காட்டில் மனைவியின் சாதாரண வருமானம் ஏறத்தாழ 39,000 டாலரைத் தொடும்போதுதான் கூட்டுத் தாக்கலின் லாபம் முழுவதும் கரைகிறது. அதுவும் இந்தியாவில் கட்டிய வரிக்கு 1116 படிவம் வழியே கிடைக்கும் வரவை (அமெரிக்க வரியில் நேரே கழியும் தொகையை)ச் சேர்க்காமல் போட்ட கணக்கு. பன்னிரண்டு மாதத் தொடர்ச்சியில் 330 முழு நாள்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்து வேலை பார்த்தவர் என்றால், 2555 படிவம் மூலம் அந்தச் சம்பளத்தையே வரியிலிருந்து விலக்கிக்கொள்ளவும் வழியுண்டு. சம்பளத்துக்கு இவ்விரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். ஒரே பணத்துக்கு விலக்கும் வரவும் சேர்ந்து கிடைக்காது.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று. இந்திய நிறுவனம் தரும் சம்பள வரிச் சான்றான ஃபார்ம் 16 ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கைத் தருகிறது. அமெரிக்காவுக்கு வேண்டியதோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே ஃபார்ம் 16-இல் உள்ள தொகையை அப்படியே டாலராக்கிப் போடக் கூடாது. இரண்டு நிதியாண்டுகளின் சம்பளச் சீட்டுகளை மாதவாரியாக எடுத்து, அந்தந்த மாதத்தில் பிடித்த வரியோடு சேர்த்து அடுக்க வேண்டும். வேலையை விட்டு வரும் மனைவி நிறுவனத்தின் இணையக் கணக்கு மூடப்படும் முன்பே இந்தச் சீட்டுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் கேட்டுப் பெறுவது எளிதாக இருப்பதில்லை.

சம்பளத்தைவிட ஆபத்தானது சொத்து விற்பனை. மனைவி தம் பெயரில் இருந்து வாடகைக்கு விட்டிருந்த சென்னை அடுக்ககத்தை அதே ஆண்டில் விற்று, நீண்டகால ஆதாயமாக 1,00,000 டாலருக்கு இணையான தொகை கிடைத்ததாகக் கொள்வோம். அதைக் கொண்டு வேறொரு வீடு வாங்கினால் 1961-ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின் 54-ஆவது பிரிவில் விலக்குப் பெறலாம். இந்தியாவில் வரி இல்லை. அமெரிக்கச் சட்டம் அந்த விலக்கை ஏற்பதில்லை. கூட்டுத் தாக்கலில் இந்த ஆதாயத்தின் சிறு பகுதிக்குப் பூச்சிய விகிதம் பொருந்தினாலும், மீதிக்கு 15 சதவீதம் என்று சுமார் 13,770 டாலர் வரி வரும். இந்தியாவில் வரியே கட்டாததால் வரவு வைத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. கூட்டுத் தாக்கலில் மிச்சமாகும் 7,724 டாலருக்காக 13,770 டாலர் கட்டுவது யாருக்கும் நியாயமாகப் படாது. அந்த ஓர் ஆண்டு தனியே தாக்கல் செய்தால், வசிப்பாளர் அல்லாத மனைவியின் இந்திய ஆதாயத்தை அமெரிக்கா தொடவே முடியாது.

மியூச்சுவல் ஃபண்டும் இதே வகை. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்கா பி.எஃப்.ஐ.சி. (முதலீட்டு வருமானமே பிரதானமான வெளிநாட்டு நிறுவனம்) என்ற வகையில் வைத்து, அவற்றை விற்கும்போது சாதாரண மூலதன ஆதாய விகிதத்தைத் தராமல் கடுமையான தனி விதிகளின்படி வரி போடுகிறது. அதற்கான 8621 படிவம் நிரப்பத் தெரிந்த கணக்காளருக்குக் கொடுக்கும் கட்டணமே எஸ்.ஐ.பி. என்ற சிறிய தவணை முதலீடு வைத்திருப்பவரின் லாபத்தை விழுங்கிவிடும். இந்தியாவில் வரியற்ற பி.பி.எஃப். வட்டிக்கும் அமெரிக்காவில் அந்தச் சலுகை இல்லை. தெரிவு செய்த துணையின் வெளிநாட்டுச் சொத்துகளும், அவற்றைத் தெரிவிக்கும் 8938 படிவத்தின் வரம்புக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் வாழும் கூட்டுத் தாக்கலாளர்களுக்கு அந்த வரம்பு ஆண்டு இறுதியில் 1,00,000 டாலர், அல்லது ஆண்டின் எந்த நாளிலாவது 1,50,000 டாலர். எஃப்பார் அறிக்கை மட்டும் வேறு. 10,000 டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு வங்கி இருப்புக்கான அந்தக் கடமை, கூட்டுத் தாக்கலுக்கான தெரிவால் மட்டும் மனைவியின் மேல் வருவதில்லை. நாள் கணக்குப்படி அவர் வசிப்பாளராகும்போதுதான் வருகிறது. கணவரின் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்குகளைக் கணவர் காட்டியே ஆக வேண்டும்.

மூன்றாவதாக 'குடும்பத் தலைவர்' என்ற தாக்கல் நிலை ஒன்று உண்டு. துணை வசிப்பாளர் அல்லாதவராக இருந்து, கூட்டுத் தாக்கலைத் தெரிவு செய்யாதவருக்கு அது திறந்திருக்கிறது. நம் எடுத்துக்காட்டின் சம்பளத்துக்கு இதில் நிலைக் கழிவு 23,625 டாலர், வரி சுமார் 14,378 டாலர். தனித் தாக்கலைவிடக் குறைவு, கூட்டுத் தாக்கலைவிட அதிகம். ஆனால் வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் தாமே ஏற்று, தகுதியுள்ள பிள்ளை ஆண்டின் பாதிக்கு மேல் தம்மோடு வாழ்ந்திருக்க வேண்டும். மனைவியை அந்தத் தகுதிக்குக் காட்ட முடியாது. தாயும் பிள்ளையும் சேர்ந்தே அக்டோபரில் வந்த குடும்பத்துக்கு இது பொருந்தாது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை தந்தையோடு இருக்க, தாய் மட்டும் விசாச் சிக்கலால் ஊரில் தங்கிவிட்ட குடும்பங்களுக்கு இது உண்மையில் கைகொடுக்கும்.

மனைவி ஜூலைக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வந்து தொடர்ந்து தங்கியிருந்தால் நிலைமை மாறுகிறது. ஆண்டின் முற்பகுதியில் வசிப்பாளர் அல்லாதவர், பிற்பகுதியில் வசிப்பாளர் என்ற இரட்டை நிலை அவருக்கு உண்டாகும். அந்த நிலையில் கூட்டுத் தாக்கலும் இல்லை, நிலைக் கழிவும் இல்லை. இதைத் தவிர்க்க 6013(எச்) என்ற இன்னோர் உட்பிரிவு ஆண்டு முழுவதற்கும் வசிப்பாளராகக் கருதச் சொல்லிக் கேட்க வழிசெய்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத் தக்கது. (எச்) அந்த ஓர் ஆண்டுக்கு மட்டுமே. வாழ்நாளில் ஒரு முறைதான். (ஜி)யோ, முறித்துக்கொள்ளும் வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தானே தொடர்கிறது. முதல் ஆண்டு மட்டும் கூட்டாகத் தாக்கல் செய்தாக வேண்டும், பிறகு தனியே செய்யலாம். ஆனால் தனியே செய்தாலும் மனைவியின் உலக வருமானம் அமெரிக்க வரிக்குள்தான் நிற்கும். ஒரு முறை விலக்கிக்கொண்டால் இருவரில் எவரும் மீண்டும் அந்தத் தெரிவைச் செய்ய முடியாது. மனைவி அமெரிக்காவிலேயே தங்கப் போகிறார் என்றால் இது பெரிய தடையல்ல; அடுத்த ஆண்டு அவர் நாள் கணக்கிலேயே வசிப்பாளராகிவிடுவார். சென்னையில் வேலையையோ தொழிலையோ தொடர்ந்து நடத்தப் போகிற மனைவிக்கோ, வரும் ஆண்டுகளின் வருமானம் அனைத்தையும் கணக்கில் கொண்ட பின்னரே இதை முடிவு செய்ய வேண்டும்.

இருவரில் ஒருவராவது டிசம்பர் 31 அன்று குடிமகனாகவோ வசிப்பாளராகவோ இருந்தால்தான் இந்தத் தெரிவே உண்டு. எஃப்-1 மாணவர் விசாவில் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளின் நாள்கள் அந்த 183 கணக்கில் சேராது; ஆகவே அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இருக்கும் மாணவக் கணவரும், அவரது துணைக்கான எஃப்-2 விசாவில் உள்ள மனைவியும் கூட்டுத் தாக்கலுக்குப் போக முடியாது. அந்தக் கணவருக்கு இந்திய – அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது விதி நிலைக் கழிவை அனுமதிக்கிறது என்பது வேறு நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு இல்லாத ஆறுதல். எச்-1பி கணவரும் எஃப்-1 மனைவியும் கூட்டாகத் தாக்கல் செய்தாலும், மனைவியின் மாணவர் காலச் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமில்லை என்ற விலக்கு அப்படியே நிற்கும். இந்தத் தெரிவு வருமான வரியைத்தான் தொடுகிறது.

அடுத்தது மனைவிக்கான வரி அடையாள எண். எச்-4 மனைவிக்கு வேலை அனுமதி அட்டை இல்லையென்றால் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. ஐடின் எனப்படும் வரி எண்ணுக்கு டபிள்யூ-7 படிவம் போட வேண்டும். நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி வந்த எல்-1 ஊழியரின் எல்-2 மனைவிக்கு 2021 நவம்பர் முதல் விசா நிலையே வேலை அனுமதி என்பதால், அவர் நேரே சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் போகலாம். டபிள்யூ-7 படிவத்தோடு வரிப் படிவத்தையும், இருவரும் கையெழுத்திட்ட தெரிவு அறிக்கையையும் தாளில் அச்சிட்டு அனுப்ப வேண்டும். ஆண்டின் கடைசி நாளில் ஒருவர் வசிப்பாளர், மற்றவர் அல்லாதவர் என்பதையும், ஆண்டு முழுவதற்கும் இருவரும் வசிப்பாளர்களாகக் கருதப்பட விரும்புவதையும், இருவரின் பெயர், முகவரி, அடையாள எண்களையும் அறிக்கை சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு நோட்டரி சான்றளித்த நகல் செல்லாது. அசலையோ, பாஸ்போர்ட் வழங்கிய அமைப்பு சான்றளித்த நகலையோதான் ஐ.ஆர்.எஸ். ஏற்கும், அசலைத் தபாலில் அனுப்ப மனம் வராதவர்கள் ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த சான்றளிப்பு முகவரிடம் நேரில் காட்டி, பாஸ்போர்ட்டைக் கையோடு திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இந்தியப் பயணமோ விசா முத்திரைக்கான நேர்காணலோ நெருங்கி இருக்கும்போது முகவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவென்று நினைக்கக் கூடாது. எண் வரச் சாதாரணமாக ஏழு வாரம். ஜனவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் முடிய ஒன்பது முதல் பதினொரு வாரம்.

தனித் தாக்கலில் இந்த அலைச்சல் கிடையாது. மனைவியின் எண் கேட்கும் இடத்தில் என்.ஆர்.ஏ. (வசிப்பாளர் அல்லாதவர்) என்று எழுதி முடிக்கலாம். ஆனால் மாணவர் கடன் வட்டிக் கழிவு, கல்விச் செலவு வரவு ஆகியவை கைவிட்டுப் போகும். பங்கு நட்டத்தில் ஆண்டுக்கு 3,000 டாலருக்குப் பதில் 1,500 டாலர்தான் கழிக்கலாம்.

கூட்டுப் படிவத்தில் கையெழுத்திடும் மனைவி அந்தப் படிவத்தின் முழு வரிக்கும், பின்னால் வரும் அபராதத்துக்கும், தாம் ஒரு டாலரும் ஈட்டாவிட்டாலும், பொறுப்பாளி ஆகிறார். திருமணமாகிச் சில மாதங்களே ஆன, அமெரிக்க வரி பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் "இங்கே கையெழுத்துப் போடு" என்று மட்டும் சொல்வது முறையல்ல. படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அவருக்கு விளக்க வேண்டும். அவர் பெயரில் உள்ள வைப்பு நிதி, ஃபண்ட், வீடு, நிலம் ஆகியவற்றின் பட்டியலை அவரே எழுதித் தர வேண்டும்.

பட்டியல் ஏப்ரல் 15-க்குள் முடியவில்லையென்றால், வரியை அதற்குள் கட்டிவிட்டு, 4868 படிவத்தால் அக்டோபர் 15 வரை தாக்கலுக்கு அவகாசம் வாங்கலாம். அப்போதும் தெளிவு வரவில்லையென்றால் நான் தனித் தாக்கலையே சொல்வேன். தனியே தாக்கல் செய்தவர் மூன்று ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் திருத்தப் படிவத்தால் கூட்டுத் தாக்கலாக மாற்றி, கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெற முடியும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கை 2026 ஏப்ரலில் கொடுத்தவருக்கு 2029 ஏப்ரல் நடுப்பகுதி வரை அந்த வாசல் திறந்திருக்கும். கூட்டாகக் கொடுத்த படிவத்தையோ, கெடு நாள் கடந்த பிறகு தனித் தாக்கலாக மாற்ற முடியாது.